தலையில் ஏறிய எழுத்துகள்

ஸ்பானிய மொழியில் வயதைச் சொல்லும்போது 'எனக்கு 20 ஆண்டுகள் உண்டு' என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு அங்கே 'அஞோ' என்று பெயர். எழுதும்போது நடுவில் வரும் 'என்' (n) எழுத்தின் தலையில் ஒரு நெளிகோடு போட வேண்டும். மறந்தால் சொல் 'அனோ' ஆகிவிடும், பொருள் ஆசனவாய். 20 ஆசனவாய்கள் இருப்பதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவது இப்படித்தான்.

அந்த நெளிகோட்டுக்குள் ஓர் எழுத்து புதைந்திருக்கிறது. லத்தீனில் ஆண்டு என்பது 'அன்னுஸ்'. இரண்டு 'என்' அடுத்தடுத்து வரும். இடைக்காலத்தில் நூல்களைக் கையால் படியெடுத்தவர்களுக்குத் தோல் ஏடும் அருமை, கையும் வலிக்கும். இரண்டாவது 'என்'னை முழுதாக எழுதாமல் முதல் எழுத்தின் மேலே சிறு கோடாக இழுத்துவிட்டார்கள். இதற்கிடையே ஸ்பானியர் வாயில் அந்த இரட்டை ஒலி நம் 'ஞ' போலக் குழைந்துவிட, சுருக்கக் குறி புது ஒலிக்கே சொந்தமாகிவிட்டது.

ஜெர்மானியரின் இரட்டைப் புள்ளிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். முன்பு 'ஏ' (a), 'ஓ' (o), 'யூ' (u) எழுத்துகளின் மேல் குட்டியாக ஓர் 'இ' (e) எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'இ' என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிறு கோடுகள் போல இருக்கும். அவசரத்தில் கோடுகள் தேய்ந்து புள்ளிகளாயின. புள்ளி வைக்க வசதியில்லாத விசைப்பலகையில் இன்றும் அவர்கள் பக்கத்தில் ஓர் 'இ' சேர்த்துத் தட்டுவார்கள். தலையில் ஏறியவர் தரைக்கு இறங்கிவிடுகிறார்!

ஸ்வீடனில் 'ஏ' மேல் உட்கார்ந்திருக்கும் வளையமும் ஒரு குட்டி 'ஓ'தான். ஜெர்மன் அகராதியில் புள்ளி வைத்த 'ஏ' சாதாரண 'ஏ'யோடு கலந்தே வரும். ஸ்வீடிஷ் அகராதியிலோ அதைத் தேட 'இசட்' தாண்டிப் போக வேண்டும். அங்கே அது தனி எழுத்து.

வியட்நாமியம் வேறு வகை. அதற்கான லத்தீன் எழுத்துமுறையை 17-ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் யோசித்தே அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் டி ரோட்ஸின் அகராதி 1651-இல் ரோமில் அச்சாயிற்று. அங்கே குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் குறி உண்டு. வெறும் 'மா' என்றால் பேய். மேலே சாய்கோடு போட்டால் தாய், கீழே புள்ளி வைத்தால் நாற்று.

கணினியில் இந்தக் குறிகள் புதுத் தலைவலி ஆயின. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிக்கோடு முறையில் நெளிகோட்டு 'என்'னை இரண்டு விதமாகப் பதியலாம்: ஒரே குறியெண்ணாக, அல்லது வெறும் 'என்'னும் அதன் பின்னே தனி நெளிகோடுமாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு எண்வரிசை. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றும் வேலையை மென்பொருள்தான் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் பெயரைத் தேடினாலும் 'இல்லை' என்றே பதில் வரும்.