மூன்றாம் நாள் ராத்திரி வரும் பேய்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமா லாரி டிரைவர், இருபது வருடக் குடி. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர் அன்றோடு பாட்டிலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி பாயில் உட்கார்ந்துகொண்டு இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி, இல்லாத கியரை மாற்றி, "டேய், ஓரமா போடா" என்று யாரையோ அதட்டியிருக்கிறார். நடுநடுவே வேட்டியில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டார். எறும்பும் கிடையாது. பயந்துபோய்ப் பூசாரியை அழைத்து, மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஆறாம் நாள் காலை நன்றாகத் தூங்கி எழுந்து காபி கேட்டாராம். தை பிறந்ததும் குடியும் திரும்பிவிட்டது. "அடுத்த கார்த்திகைக்கும் மாலை போடுவேன் என்கிறார். பேய் மறுபடி வருமா?" என்பது கேள்வி.

வரும். போன தடவையைவிட மோசமாகவே வரலாம்.

இந்தப் பேய்க்கு 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் வைத்த பெயர் டெலிரியம் ட்ரெமன்ஸ். நடுக்கத்தோடு கூடிய சித்தக் குழப்பம் என்று பொருள். மாமா லாரி ஓட்டியதுகூடப் புத்தகத்தில் இருப்பதுதான். இந்த நிலையில் தையற்காரர் காற்றில் துணி தைப்பார், டிரைவர் காற்றில் வண்டி ஓட்டுவார். வெற்றுத் தாளை நீட்டிப் படிக்கச் சொன்னால் சிலர் கடகடவென்று படிக்கவே செய்வார்கள்.

சரி, குடிக்காததால் எப்படி ஒருவருக்குப் புத்தி பேதலிக்கும்?

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டிவிடும் முக்கிய வேதிப்பொருள் குளுட்டமேட், அடக்கி வைப்பது காபா. சாராயம் காபாவின் கையைப் பலப்படுத்தி, குளுட்டமேட்டின் வாயைப் பொத்துகிறது. நாக்குக் குழறுவதும் தள்ளாடுவதும் அதனால்தான். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஆடி மாதம் தெருமுனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும்போது வீட்டில் டிவி பார்த்திருக்கிறீர்களா? வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். பத்து நாள் திருவிழா என்றால் பத்து நாளும் அந்தச் சத்தத்துக்குக் காது பழகிவிடும். திடீரென்று கரண்ட் போய் ஸ்பீக்கர் மட்டும் நின்றால்? இன்வெர்ட்டரில் ஓடும் நம் டிவி அலறும்.

தினமும் குடிப்பவரின் மூளை செய்வது இதைத்தான். காபா வந்து உட்காரும் ஏற்பி, ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே ஒரு துளை விட்ட அமைப்பு. காபா உட்கார்ந்ததும் துளை திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும், நரம்பணு அடங்கும். மது அந்தத் துளை கூடுதலாகத் திறந்திருக்க உதவுகிறது. மாதக்கணக்கில் இது நடந்தால், நரம்பணு தன் சுவரிலிருந்து சில ஏற்பிகளையே பிடுங்கி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பவற்றில் துண்டுகளை மாற்றிப் போட்டு, மதுவுக்கு மசியாத வகையாக ஆக்கிக்கொள்கிறது. இன்னொரு பக்கம் குளுட்டமேட்டுக்கான ஏற்பிகளைக் கூட்டுகிறது. இத்தனையும் செய்துவிட்டு, குடித்த நிலையிலேயே சமநிலைக்கு வந்துவிடுகிறது. அரை பாட்டில் உள்ளே போனாலும் நிதானமாக வண்டி ஓட்டுகிறாரே என்று வியக்கிறோமே, அது இந்தச் சமநிலை.

இப்போது குடியை நிறுத்துங்கள். ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம் எரிக்கும், பழகிய குடிகாரருக்கு இன்னும் வேகமாக. எட்டு மணி நேரத்தில் ஸ்பீக்கர் நின்றுவிட்டது. ஆனால் உள்ளே இழுத்த ஏற்பிகளை வெளியே கொண்டுவந்து பொருத்த நாட்கள் ஆகும். நோய் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை உதறல். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்பார்களே, அது இதுதான். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் எறும்பும் லாரியும் வருகின்றன, காய்ச்சலும் வியர்வையும் தறிகெட்ட இதயத்துடிப்பும் கூடவே.

இது சத்துக் குறைவால் வருகிறதா, மதுவின் விஷமா, நிறுத்தியதாலா என்று மருத்துவர்கள் நெடுநாள் சண்டை போட்டார்கள். 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு, மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீண்ட பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, வாரக்கணக்கில் குடிக்கவும் வைத்து, பிறகு சட்டென்று நிறுத்தியது. அதிக நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் பிரமையும் வந்தன. நிறுத்தியதுதான் காரணம் என்று சண்டை தீர்ந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

பூசாரி விஷயத்துக்கு வருவோம். நிறுத்துகிற எல்லோருக்கும் இந்தப் பிரமை வருவதில்லை, நூற்றில் ஐந்து பேருக்கு வந்தால் அதிகம். வந்தாலும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் தானே அடங்கும். மூன்றாம் நாள் கயிறு கட்டுகிறவருக்கு ஆறாம் நாள் வெற்றி நிச்சயம். ஆனால் சிகிச்சை இல்லாத காலத்தில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று முறையான சிகிச்சையில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. செத்துப்போனவர்கள் கயிற்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வருவதில்லையே.

சிகிச்சையின் தர்க்கம் எளிமையானது. ஸ்பீக்கரைப் பட்டென்று அணைக்காமல் மெதுவாகக் குறைப்பது. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மாத்திரைகள் அதே காபா ஏற்பியில் வேறொரு இடத்தில் உட்கார்ந்து உதவுகின்றன. உடலில் நாள்கணக்கில் தங்குவதால் இவை தாமாகவே படிப்படியாகக் கரைந்து இறங்கும். முதலாவதைச் செய்த வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக், பயனற்றது என்று அலமாரியில் போட்டுவைத்திருந்தார். 1957இல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது கண்ணில் பட, 1960இல் சந்தைக்கு வந்தது. இன்றும் அரசு மருத்துவமனையில் முதலில் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அறுபது வருடமாகியும் இதைப் பெரிதாக மிஞ்சிய மருந்து வரவில்லை. மலிவான மருந்து, ஏழை நோயாளி. யார் பணம் போடுவார்கள்?

இன்னொன்று, ரொம்ப முக்கியம். சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும், அதாவது வைட்டமின் பி1. பழைய குடிநோயாளியிடம் அது அடிமட்டத்தில் இருக்கும். குளுக்கோஸ் அந்த மிச்சத்தையும் தீர்த்துவிட்டால் நடை தள்ளாடி, கண் நிலைகுத்தி, நினைவே நிரந்தரமாகப் போய்விடலாம். தயமின் ஊசி முதலில், அல்லது கூடவே.

அடுத்த தடவை ஏன் மோசமாகும்? ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் நரம்பணுக்களை இன்னும் எளிதில் பற்றிக்கொள்ளும் காய்ந்த சுள்ளிகளாக்குகிறது. வருடத்துக்கு ஒரு மண்டலம் நிறுத்தி, தை மாதம் தொடங்கி, மறுபடி நிறுத்தினால் வலிப்பு வரும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். 2023-24இல் டாஸ்மாக்கில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்த அரசு, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இதற்கென்று நாலு படுக்கை போடுவது பெரிய செலவே இல்லை என்பது என் கட்சி.

மாமா தாராளமாக மாலை போடட்டும். ஆனால் கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போன தடவை லாரி ஓட்டிய கதையை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு வேண்டிய முக்கியமான தகவலே அதுதான். அவர் சொல்லும்வரை மாமா தானாக நிறுத்த வேண்டாம். கயிறு கையிலேயே இருக்கட்டும், மாத்திரையோடு அதற்குச் சண்டை கிடையாது.