தாளத்தை இழுத்தது யார்?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் பம்பைக்காரர்கள் வாசிப்பதை அரைமணி நேரம் நின்று பார்த்தாராம். கையில் இசைக்குறிப்புத் தாள் இல்லை, முன்னால் நின்று கை காட்டுகிற ஆளும் இல்லை, ஆனாலும் திடீரென்று அத்தனை பேரும் ஒரே அடியில் நிறுத்துகிறார்கள். வீட்டுக்கு வந்தால் மகன் ஏதோ ஜாஸ் ஆல்பம் போட்டுவைத்திருக்கிறான், ஒத்திகையே பார்க்காமல் ஸ்டூடியோவுக்குப் போய் வாசித்தது என்று சொல்கிறான். "இது எப்படி சார் முடியும்? பண்டிகையில் பக்கத்தில் நின்ற பெரியவர், அதெல்லாம் பரம்பரை ரத்தம் தம்பி என்றார். அமெரிக்காக்காரனுக்கும் அதே ரத்தமா?"

ரத்தத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எளிய பாதி. ஜாஸ்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சில நூறு பழைய பாட்டுகள் பொதுச் சொத்தாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டகம் உண்டு: 12 பார் ப்ளூஸ் என்றால், ஒரு பாருக்கு நாலு அடி வீதம் 48 எண்ணிக்கை, இன்னொரு வகைக்கு 32 பார். அந்தச் சட்டகத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே ஆளுக்கு ஆள் தன் கற்பனையை வாசிக்கிறார்கள். பல்லவி தெரிந்தால் நிரவல் பாடலாம், அதாவது அதே வரியை விதவிதமாக விரித்துப் பாடலாம் என்பது மாதிரிதான். நம் கச்சேரியிலும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் மேடையில்தான் முதல்முறை சந்தித்தார்கள் என்பது அதிசயமே இல்லை. ராகமும் தாளமும் பொது, மீதி மனோதர்மம், அவரவர் அந்த நேரக் கற்பனை. குழு சேர்வதும் அப்படித்தான்: 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் ஹார்லெமில் மின்டன்ஸ் என்ற இடத்தில் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க், டிரம்ஸ்காரர் கென்னி கிளார்க் போன்றவர்கள் நிலையாக வாசிப்பார்கள், மற்றவர்கள் இரவு வேலை முடித்து வந்து மேடையேறுவார்கள், தாக்குப்பிடித்தவன் நண்பன். அங்கே பழக்கமான ஆட்களைத்தான் பிறகு ஒருவர் தன் ஆல்பத்துக்குக் கூப்பிடுவார்.

ஒரே அடியில் முடிப்பதிலும் பாதி கணக்குதான். பதினாறு மாத்திரை இருக்கிறது, ஒன்றை விட்டுவிட்டு 'ததிங்கிணதொம்' மூன்று முறை சொல்லுங்கள், பதினைந்து, அடுத்தது சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து நீளத்தைப் பாதி பாதியாகச் சுருக்குகிற குறைப்புக்கும், ஜாஸில் சாக்ஸபோனும் டிரம்ஸும் எட்டு பார், நாலு பார் என்று மாறி மாறி வாசிப்பதற்கும் பெரிய தூரம் இல்லை. இந்த இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்தால் ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு, 1975இல் ஜாஸ் கிடார்க்காரர் ஜான் மெக்லாப்லினோடு நம் கடம் விநாயக்ராம் வாசித்த சக்தி குழுவே பதில்.

சரி, கணக்கு எந்த அடி என்று சொல்லும். அந்த அடி எந்த மில்லிநொடியில் விழ வேண்டும் என்று யார் சொல்வது? எனக்குத் தூக்கம் கெடுகிற கேள்வி இதுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு சத்தத்தைக் கேட்டு அதற்குப் பதிலாகக் கையை அசைக்க நமக்குச் சுமார் 150 மில்லிநொடி ஆகிறது. வேகமான ஜாஸ் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 250 மில்லிநொடிதான். பக்கத்து ஆள் அடித்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் அடித்தால் பாதி வழிக்கு மேல் போயிருக்கும். ஆகவே யாரும் யாரையும் பின்தொடர்வதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே யூகித்து, அந்த இடத்துக்குக் கையை அனுப்புகிறார்கள். சீராக 'டிக் டிக்' என்று தாளம் போடுகிற மெட்ரோனோம் கருவியைப் போட்டு மேசையில் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் அந்த 'டிக்'குக்குச் சில பத்து மில்லிநொடி முன்னாடியே தட்டிவிடுகிறார்கள், தட்டுகிறவர்களுக்கு அது தெரிவதுமில்லை.

யூகம் என்றால் பிசகும். பிசகைத் திருத்த வேண்டும். இங்கேதான் அழகு.

நீங்களும் நானும் சேர்ந்து வாசிக்கிறோம். இந்த அடியில் நான் உங்களைவிட 20 மில்லிநொடி முந்திவிட்டேன். எனக்கும் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது. நான் நல்லவன், அடுத்த அடியை 20 தள்ளிப் போடுகிறேன். நீங்களும் நல்லவர், அடுத்த அடியை 20 முன்னே இழுக்கிறீர்கள். இப்போது நீங்கள் என்னைவிட 20 முந்திவிட்டீர்கள்! அடுத்த அடியில் மறுபடி நான். சேலத்தில் குகை என்கிற பேட்டைப் பக்கம் சந்துகளில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர், ஒருவருக்கொருவர் வழிவிடுகிறேன் என்று இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி இருவரும் மறுபக்கம் ஒதுங்கி, முட்டிக்கொண்டே நிற்பார்களே, அதே நிலைமை. மரியாதை அதிகமானால் முட்டல்.

ஆளுக்குப் பாதி திருத்தினால்? நான் 10 தள்ளுகிறேன், நீங்கள் 10 இழுக்கிறீர்கள், இடைவெளி சுழி. கால்வாசி திருத்தினால் 20 பத்தாகும், பத்து ஐந்தாகும், மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். நான் விறைப்பாகவே நின்று நீங்கள் மட்டும் முழுசாகத் திருத்தினாலும் தீர்ந்துவிடும், ஆனால் அப்போது என் கையில் வருகிற ஒவ்வொரு சின்ன நடுக்கத்தையும் நீங்கள் அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். மனிதக் கை ஒருநாளும் ஒழுங்காக இருப்பதில்லை, ஒவ்வொரு அடியிலும் புதுப் பிசகு பிறக்கும், ஒவ்வொரு அடியிலும் ஒரு பங்கு திருத்தம் நடக்கும். 'காலப்பிரமாணம் நிற்கிறது', அதாவது வேகம் மாறாமல் இருக்கிறது என்று நாம் பாராட்டுகிறோமே, உள்ளே பார்த்தால் எதுவும் நிற்பதில்லை, விடாமல் ஆடி விடாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் யோசித்து நடப்பதுமல்ல. காதுக்கு 'பிசகு' என்று உறைக்காத அளவு சின்ன வித்தியாசத்தைக்கூடக் கை தானாகத் திருத்திவிடுகிறது.

இந்தத் திருத்தப் பங்கை அளக்கவும் முடியும். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆலன் விங் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வயலின் குடும்பக் கருவிகளை நாலு பேர் வாசிக்கிற குழுக்கள் இரண்டை எடுத்து, யார் யாருக்காக எவ்வளவு திருத்துகிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு குழுவில் முதல் வயலின்காரர் மற்றவர்களுக்காக அவ்வளவாக வளையவில்லை, மற்றவர்கள்தான் அவருக்காக வளைந்தார்கள். இன்னொரு குழுவில் எல்லோரும் ஏறக்குறைய சமமாக. ஒன்று ராஜாங்கம், ஒன்று ஜனநாயகம், இரண்டுமே நன்றாக வாசித்தன. எந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதை மில்லிநொடியில் கண்டுபிடிக்கிற மாதிரி!

ஜாஸில் விறைப்பாக நிற்கிற பொறுப்பு பெரும்பாலும் கீழ் ஸ்வரங்களை வாசிக்கிற பேஸுக்கும், டிரம்ஸில் குச்சியால் தட்டுகிற உலோகத் தட்டான ரைடு சிம்பலுக்கும். முன்னே சொன்ன கென்னி கிளார்க்தான் தாளம் பிடிக்கிற வேலையைக் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மிலிருந்து இந்தச் சிம்பலுக்கு மாற்றியவர்களில் முக்கியமானவர். நாதஸ்வரக் கோஷ்டியில் ஓரமாக நின்று தாளம் போடுகிற பையனை யாரும் கவனிப்பதில்லை, சம்பளமும் அவனுக்குத்தான் குறைவு, ஆனால் அத்தனை பேரும் சாய்ந்து நிற்கிற தூண் அவன்தான்.

தூண் உறுதியாக இருந்தால் வாசிப்பவர் கொஞ்சம் விளையாடலாம். ஸ்விங் என்கிறார்களே, அது அடியை நெடில் குறிலாக, கிட்டத்தட்ட திஸ்ரத்தில், அதாவது மூன்று கூறாகப் பிரிப்பது மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகர இயற்பியலாளர்கள் 2022இல் 450க்கும் மேற்பட்ட பதிவு செய்யப்பட்ட ஜாஸ் தனி வாசிப்புகளை ஆராய்ந்தபோது, தனியாக வாசிப்பவர் முழு அடியில் தாளக்காரரைவிட ஒரு கணம் பிந்துகிறார், அரை அடியில் சரியாகச் சேர்ந்துகொள்கிறார் என்று தெரிந்தது. பியானோ பதிவுகளில் கணினி மூலம் முழு அடிகளை மட்டும் 30 மில்லிநொடி பிந்தவைத்துக் கேட்கக் கொடுத்தார்கள். அதற்கு ஸ்விங் அதிகம் என்று ஜாஸ் கலைஞர்கள் சொல்லும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடியது. பலருக்கு எதை மாற்றினார்கள் என்றே பிடிபடவில்லை, ஆனால் நன்றாக இருந்தது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

முப்பது மில்லிநொடி என்றால் எவ்வளவு? ஒலி காற்றில் பத்து மீட்டர் போகிற நேரம். இதைப் படித்ததும் எனக்குக் கை ஊறியது. போன மே மாதம் ஏற்காட்டுக்குப் போனபோது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக் களைத்திருந்த அக்கா மகனை இழுத்துக்கொண்டு ஒரு காலி மைதானத்துக்குப் போனேன். முதலில் கையெட்டும் தூரத்தில் நின்று இருவரும் சேர்ந்து கை தட்டினோம். அருமையாக ஓடியது, சொல்லப்போனால் வேகம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. அப்புறம் டேப் வைத்து 34 மீட்டர் தள்ளிப் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு தட்டினோம். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்குப் பத்தில் ஒரு நொடி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தாளம் இழுத்து இழுத்து சவ்வு மிட்டாய் ஆகிவிட்டது. "மாமா, நீங்கதான் இழுக்கறீங்க!" என்று அங்கிருந்து கத்துகிறான். எனக்கென்னவோ அவன்தான் இழுப்பதாகத் தோன்றியது.

இருவர் பேரிலும் தப்பில்லை. அவன் கைதட்டு எனக்குத் தாமதமாக வந்து சேர்வதால், நான் முந்திவிட்டேன் என்று நினைத்து அடுத்த அடியைச் சற்றுத் தள்ளிப் போடுகிறேன். என்னுடையது அவனுக்குத் தாமதமாகப் போவதால் அவனும் தள்ளிப் போடுகிறான். ஒவ்வொரு அடியிலும் இருவரும் நல்லெண்ணத்தோடு காத்திருந்து காத்திருந்தே வேகத்தைக் கொன்றுவிட்டோம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் குழுவினர் இதையே ஒழுங்காக, தனித்தனி அறையில் இருவரை உட்காரவைத்து, தாமதத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். தாமதமே இல்லாவிட்டால் நாம் ஓடுகிற ஜாதி. பத்து மில்லிநொடிக்குச் சற்று மேல் போனால் இழுக்க ஆரம்பிக்கிறது. நடுவில் ஓட்டமும் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டுகிற ஒரு இடம் இருக்கிறது. அந்தத் தாமதம் காற்றில் மூணு நாலு மீட்டர். ஜாஸ் கிளப் மேடையை நினைத்துப் பாருங்கள், நம் கச்சேரி ஜமக்காளத்தை நினைத்துப் பாருங்கள். பம்பைக்காரர்கள் தெரு அகலமாக இருந்தாலும் ஏன் முகத்துக்கு முகம் நெருங்கி வட்டம் கட்டுகிறார்கள்?

2020 ஊரடங்கில் வீடியோ காலில் சேர்ந்து வாசிக்கப் பார்த்தவர்கள் நொந்துபோனதும் இதனால்தான். சேலத்துக்கும் நியூயார்க்குக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளியே நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும், ஆக ஒரு வழிக்கு 65 மில்லிநொடி. கம்பெனிக்காரன் எவ்வளவு வேக பிளான் விற்றாலும் இதற்குக் கீழே இறங்காது.

ஆல்பம் பதிவுக்கும் இதே விதிதான். ரூடி வான் கெல்டர் என்பவர் பகலில் கண் பரிசோதகர். 1950களில் நியூஜெர்சியில் தன் பெற்றோர் வீட்டு ஹாலிலேயே ஜாஸ்காரர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தார், அதில் பல இன்றைக்கும் விற்கின்றன. சின்ன ஹால் ஒரு குறை என்றுதான் தோன்றும், தாளத்துக்கு அது வரம். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவானது. மைல்ஸ் கையில் கொண்டுவந்தவை பெரும்பாலும் சில ஸ்வர வரிசைகளின் குறிப்புகள்தான். அதில் ஒரு வேடிக்கை: மனிதர்கள் நன்றாக ஒட்டி வாசித்திருக்க, முதல் நாள் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது வாசிப்பு வேகமாகிவிட, இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஸ்ருதி கொஞ்சம் தூக்கலாகவே உலகமெங்கும் ஒலித்தது, 1992இல்தான் திருத்தினார்கள். சேலம் ஏற்காடு சாலையில் இப்போது நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ காலத்துச் சினிமாப் பாட்டுகளும் எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவானவைதான். இப்போது ஆளுக்கு ஒரு நாள் வந்து, காதில் க்ளிக் சத்தத்தைக் கேட்டபடி வாசித்துவிட்டுப் போகிறார்கள். சுத்தமாக இருக்கிறது. ஆனால் க்ளிக் யாருக்காகவும் வளையாது.

மூளையைப் பற்றிச் சொல்லாவிட்டால் திட்டுவீர்கள். 2008இல் சார்லஸ் லிம்ப் என்ற ஆய்வாளர் ஆறு ஜாஸ் பியானோக்காரர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார். மனோதர்மத்தின்போது தன்னைத்தானே கண்காணிக்கிற நெற்றிப் பகுதியில் வேலை குறைந்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் ஆறே பேர். இதை வைத்து 'படைப்பாற்றல் இருக்கும் இடம் கண்டுபிடிப்பு' என்று வாட்ஸப்பில் வந்தால் அழித்துவிடுங்கள்.

இப்போது ரத்தம். ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கும், தாளம் சுமக்காது. ஐந்து வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விடியவிடியக் கேட்டு, பத்து வயதில் அடி வாங்கி, இருபது வயதுக்குள் ஆயிரக்கணக்கான மணி நேரம் வாசித்த உழைப்பைப் 'பரம்பரை' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது அவர்களைப் புகழ்வது இல்லை. கூலி குறைக்க வசதியான பேச்சு. கோட்டிங்கனில் ஜாஸுக்குச் செய்ததை நம் பம்பைக்குச் செய்யப் பெரிய செலவும் இல்லை: ஆளுக்கு ஒரு மைக், ஒரு லேப்டாப், டீ செலவு, அவர்களுக்கு ஒரு நாள் கூலி. பல்கலைக்கழகம் அருகிலேயே கருப்பூரில் இருக்கிறது. கருத்தரங்கு பேனருக்குச் செலவாகிற காசில் ஒரு ஆராய்ச்சி மாணவர் இதை முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா மகன் கீழே இறங்கும்போது ஒரு நல்ல கேள்வி கேட்டான். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்று பள்ளியில் சொன்னார்களே, அப்படியானால் சேலத்தில் தட்டினால் இவ்வளவு இழுக்காதா? கணக்குப் போட்டோம். ஏற்காட்டில் 20 டிகிரி, ஒலி நொடிக்கு 343 மீட்டர்; சேலத்தில் 38 டிகிரி, சுமார் 354. முப்பத்துநாலு மீட்டருக்கு மூன்று மில்லிநொடி மிச்சம். மறுநாள் மத்தியானம் தட்டிப் பார்க்கலாமா என்றேன். அவன் ஃபேனை விட்டு எழுந்திருக்கவில்லை.