பல்கலைக்கழகம்: சொல்லுக்குள் இருக்கும் கூட்டம்

'யூனிவர்சிட்டி' என்றால் எல்லாப் பாடமும் சொல்லித்தரும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். யூனிவர்ஸ், அதாவது பிரபஞ்சம், அந்தச் சொல்லுக்குள் தெரிவதால் வரும் நினைப்பு அது. நம்மிடம் முன்பு வழங்கிய சர்வகலாசாலை என்ற சொல்லும் அதே பொருளைத்தான் தருகிறது. மலையாளத்தில் இன்றும் அதுதான் வழக்கு.

ஆனால் மூலச் சொல்லான லத்தீன் 'யூனிவெர்சிடாஸ்' பாடங்களைப் பற்றிப் பேசவில்லை, ஆட்களைப் பற்றிப் பேசியது. ஒன்றாகத் திரண்ட முழுமை என்பது அதன் பொருள். பல பேர் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக நிற்கும் குழுமத்துக்கு அந்தப் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் கைவினைஞர் சங்கத்தையும் அப்படி அழைத்தார்கள்.

அந்தச் சொல் படிப்போடு ஒட்டிக்கொண்ட கதைக்கு இத்தாலியின் பொலோனியா நகரம்தான் நல்ல சாட்சி. அங்கே இர்னேரியஸ் போன்ற சட்ட அறிஞர்கள் ரோமானியச் சட்டம் கற்பித்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் என்பதால் அவர்களுக்கு நகரத்தில் குடியுரிமை கிடையாது. தன் ஊர்க்காரன் ஒருவன் வைத்த கடனுக்குத் தான் பிடிபடும் ஆபத்துகூட இருந்தது. அதனால் மாணவர்களே சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தச் சங்கம்தான் யூனிவெர்சிடாஸ். வீட்டு வாடகைக்குப் பேரம் பேசியது அது, ஆசிரியரை அமர்த்தியது அது. பாடத்தைத் தாமதமாகத் தொடங்கினாலும் மணி அடித்த பிறகு இழுத்தாலும் ஆசிரியருக்கு அபராதம்! தலைவராக இருந்த ரெக்டரும் ஒரு மாணவர்தான். கட்டடம் என்று சொல்ல அப்போது எதுவும் இல்லை. வகுப்புகள் வாடகை அறைகளில் நடந்தன. அவற்றுக்கென்று ஒரே இடமாக ஆர்க்கிஜின்னாசியோ மாளிகை எழுந்தது 1563-இல்தான்.

பொலோனியா பல்கலைக்கழகத்தை நிறுவிய ஆண்டாகச் சொல்லப்படும் 1088, பின்னாளில் 19ஆம் நூற்றாண்டில் கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு முடிவு செய்தது. ஒரு சங்கம் எந்த நாளில் பிறந்தது என்று துல்லியமாகச் சொல்வது எளிதல்ல.

சரி, தமிழுக்கு வருவோம். பல்கலைக்கழகம் என்பதில் 'பல்கலை' அந்தப் பழைய தவறான புரிதலைத்தான் சுமக்கிறது. ஆனால் 'கழகம்' சரியாகப் போய் மூலத்தைத் தொடுகிறது. கழகம் என்றால் கூடும் இடம், கூடிய கூட்டம். அதற்கு ஒரு காலத்தில் கெட்ட பெயரும் இருந்தது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் "கவறும் கழகமும் கையும்" என்று வரும்போது அது சூதாடும் களம். கம்பரிடம் அந்தச் சொல் வேறு முகம் காட்டுகிறது. கோசல நாட்டைப் பாடும்போது "கந்தனை அனையவர் கலைதெரி கழகம்" என்கிறார். முருகனைப் போன்ற இளைஞர்கள் கலை பயிலும் இடம். 'கலை', 'கழகம்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். சர்வகலாசாலையின் 'சாலை'யைவிடக் கழகம் எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்: சாலை இடத்தோடு நின்றுவிடுகிறது, கழகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

பொலோனியா இன்று 80,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். செசேனா, ஃபோர்லி, ராவென்னா, ரிமினி ஆகிய ஊர்களிலும் அதற்கு வளாகங்கள் உண்டு. 1732-லேயே லாரா பாஸ்ஸி என்ற பெண்ணுக்குப் பட்டமும் பேராசிரியர் பதவியும் கொடுத்த இடம் அது. இத்தகைய நிறுவனத்தைக் குறிக்கும் 'பப்ளிக் ரிசர்ச் யூனிவர்சிட்டி' என்ற ஆங்கிலத் தொடரைப் 'பொது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்று மொழிபெயர்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். 'பொது' என்றவுடன் பொது மருத்துவம், பொது அறிவு போல, எதிலும் ஆழமில்லாத ஆராய்ச்சி என்ற தொனி வந்துவிடுகிறது. அங்கே சொல்ல வருவது மக்கள் வரிப்பணத்தில் அரசு நடத்துகிறது என்பதை. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை என்று நாம் ஏற்கெனவே சொல்லும் வழக்கிலேயே 'அரசு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.