ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே: பல நாடுகளில் பிறக்கும் ஓர் ஊசி

“தொடையில் வைத்து அழுத்தினால் தானாகவே மருந்தை ஏற்றும் ஆட்டோ இன்ஜெக்டரில், மருந்து ஒரு நாட்டில் தயாராகிறது, கருவி இன்னொரு நாட்டில், இரண்டையும் சேர்ப்பது மூன்றாவது நாட்டில் என்கிறார்கள். இப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்தால் தரம் என்ன ஆகும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கான பதில், அந்தக் கருவிக்குள் இருக்கும் சுமார் அரை மில்லிகிராம் சிலிகான் எண்ணெயில் இருக்கிறது.

மருந்தும் கருவியும் சேர்ந்து ஒரே பொருளாக வேலை செய்பவை கூட்டு மருத்துவப் பொருள்கள். மருந்து பூசிய ஸ்டென்ட், ஆஸ்துமா இன்ஹேலர், மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்ச் எல்லாம் இந்த வகைதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவற்றுக்கென்றே 2002-ல் தனி அலுவலகம் தொடங்கியது. முதன்மை வேலையைச் செய்வது மருந்தா கருவியா என்று பார்த்து, எந்தப் பிரிவு பரிசீலிக்க வேண்டும் என்று அங்கே முடிவு செய்கிறார்கள். ரத்தக் குழாயைத் திறந்து வைப்பதுதான் ஸ்டென்ட்டின் முதன்மை வேலை என்பதால் அது கருவிப் பிரிவுக்குப் போகும். ஆட்டோ இன்ஜெக்டர் மருந்துப் பிரிவுக்கு அல்லது உயிரியல் மருந்துப் பிரிவுக்குப் போகும்.

ஆட்டோ இன்ஜெக்டரைப் பிரித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊசி பொருத்திய ஒரு கண்ணாடி சிரிஞ்ச், அதன் பின்வாயை அடைக்கும் ரப்பர் பிஸ்டன், பிஸ்டனைத் தள்ளும் தண்டு, அழுத்தி வைத்த ஸ்பிரிங், இவற்றை மூடும் பிளாஸ்டிக் உறை. சிரிஞ்சை வார்த்து உள்ளே எண்ணெய் பூசுவது ஒரு நிறுவனம், ரப்பர் இன்னொன்று, மருந்து நிரப்பி பிஸ்டனைச் செருகுவது வேறொன்று, பிளாஸ்டிக்கும் ஸ்பிரிங்கும் சேர்த்துப் பூட்டுவது மற்றொன்று. நான்கும் நான்கு நாடுகளில் இருப்பது சாதாரணம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 27 கேஜ் (ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்) ஊசியின் உள்விட்டம் சுமார் 0.21 மி.மீ., நீளம் 12.7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைவிட 10 மடங்கு பாகுநிலை (பாயவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை) கொண்ட புரத மருந்தை, 10 விநாடியில் 1 மி.லி. வீதம் இதன் வழியே செலுத்த சுமார் 266 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும். சிரிஞ்சின் உள்விட்டம் 6.35 மி.மீ. என்றால், பிஸ்டன் மீது 8.4 நியூட்டன் விசை. ஊசியின் ஆரம் நான்காம் அடுக்கில் கணக்கில் வருவதால், உள்விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே இது 12.8 நியூட்டனாக ஏறிவிடும். குறுகிய குழாயில் திரவம் பாய்வதைக் கணக்கிடும், பள்ளியில் படித்த பாய்ஸூயி சமன்பாடுதான்.

இது திரவத்துக்கான விசை மட்டுமே. ரப்பர் கண்ணாடியோடு உரசிக்கொண்டே போக வேண்டும், அதற்கும் விசை வேண்டும். எண்ணெய் பூசாத கண்ணாடியில் ரப்பர் நகராமல் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உட்சுவரில் சிலிகான் எண்ணெயைத் தெளிக்கிறார்கள். தெளிக்கும் நாசில் சிரிஞ்சின் அகன்ற பின்வாயில் நிற்கிறது. நாசில் உள்ளே இறங்காமல் வெளியே நின்றபடியே தெளித்தால், வாய்ப் பக்கம் எண்ணெய் நிறைய விழும், ஊசிப் பக்கம் குறையும். மொத்த எடையை அளந்தால் சரியாகவே இருக்கும், பரவல் மட்டும் கோணலாக இருக்கும்.

இப்போது ஸ்பிரிங்கைப் பாருங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் விரிய விரிய அதன் விசை குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் 18 நியூட்டன், முடிவில் 12 என்று வைத்துக்கொள்வோம். அதாவது, பிஸ்டன் எண்ணெய் குறைந்த பகுதிக்கு வந்து சேரும் அதே நேரத்தில் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். இரண்டு பலவீனங்களும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

தொடக்கத்தில் உராய்வு 3 நியூட்டன் என்றால், 18-ல் மீதி 15 நியூட்டன் திரவத்தைத் தள்ளும். விநாடிக்கு சுமார் 0.18 மி.லி. என்று மருந்து பாயும். முடிவில் எண்ணெய் குறைந்து உராய்வு 9 ஆகிவிட்டால், மீதி 3 நியூட்டன்தான், விநாடிக்கு 0.036 மி.லி. பிஸ்டன் நின்றுவிடவில்லை, தவழ்கிறது. கடைசி 0.1 மி.லி. இறங்கவே கிட்டத்தட்ட 3 விநாடி ஆகும். மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் பாகுநிலை இரட்டிப்பாகி, அதே 0.1 மி.லி.க்கு 6 விநாடிகூட ஆகலாம். அதற்குள் நோயாளி கருவியைத் தோலிலிருந்து எடுத்துவிட்டால், மருந்தில் பத்தில் ஒரு பங்கு தோல் மேல் வழியும். இப்படிப்பட்ட மருந்துகளை அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து போடச் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வலுவான ஸ்பிரிங்கைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அப்போது தண்டு பிஸ்டனில் மோதும் வேகத்தில் கண்ணாடியின் விளிம்பு உடையலாம். இரண்டு ஆண்டு அழுத்தத்திலேயே இருக்கும் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கிகளும் மெல்ல மெல்ல வளையும். எண்ணெயைக் கூட்டலாமே என்றால், அது துளித்துளியாக மருந்தில் கலக்கும். எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் புரதம் படிந்து உருக்குலைகிறது, குலுக்கினால் திரண்டு துகளாகிறது. அப்படித் திரண்ட புரதத்தை உடல் அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கும் அபாயம் உண்டு.

ஆகவே உராய்வு குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் இதுவரை தெரிகிறது. வேலை கடல் தாண்டிப் போகும்போது இதன் மறுபக்கம் தெரிகிறது. நிரப்பிய சிரிஞ்சுகள் கருவியில் பூட்டப்படுவதற்காக விமானத்தில் ஏறுகின்றன.

பிஸ்டனுக்கும் மருந்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு காற்றுக்குமிழி இருக்கும். விமானத்தின் சரக்கறையில் அழுத்தம், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல், 75 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கலாம். தரையில் அது 101. உள்ளே இருக்கும் காற்று விரியப் பார்க்கிறது. உராய்வே இல்லையென்றால் 3 மி.மீ. உயரக் குமிழி 4 மி.மீ. ஆகி, பிஸ்டனை 1 மி.மீ. பின்னால் தள்ளிவிடும். அழுத்தம் சீராக்கப்படாத சிறு விமானத்தில் 6,000 மீட்டருக்குப் போனால் அழுத்தம் 47 கிலோபாஸ்கல்தான், குமிழி 6.4 மி.மீ. வரை விரியும்.

பிஸ்டனை அதன் இடத்தில் பிடித்து வைப்பது உராய்வு மட்டுமே. அழுத்த வேறுபாடு தரும் விசை முதல் நிலையில் 0.8 நியூட்டன், இரண்டாவதில் 1.7. பிஸ்டன் நகரத் தொடங்கவே வழக்கமாகச் சில நியூட்டன்கள் வேண்டும் என்பதால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் செருகிய புதிதில் ரப்பர் வளையங்களுக்கு அடியில் எண்ணெய் தாராளமாக இருக்கும். நாள்பட்ட பிறகுதான் அது பிதுங்கி விலகி, பிடிப்பு கூடும். வெளிநாட்டுக்கு அனுப்பும் சிரிஞ்சுகள் பெரும்பாலும் அந்தப் புதுநிலையில்தான் பயணிக்கின்றன, கூடவே விமானத்தின் அதிர்வு வேறு. 2.25 மி.லி. சிரிஞ்சுகளுக்கு இன்னொரு சிக்கல்: தள்ளும் விசை பரப்பளவோடு கூடுகிறது, பிடிக்கும் உராய்வோ சுற்றளவோடுதான் கூடுகிறது. விட்டம் 6.35-லிருந்து 8.65 மி.மீ. ஆனால் தள்ளல் 1.86 மடங்கு, பிடிப்பு 1.36 மடங்கு. பெரிய சிரிஞ்சு எளிதாக நகர்ந்துவிடும்.

நகர்ந்தால் என்ன? பிஸ்டனின் முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் நடுவில் உள்ள கண்ணாடிதான் கிருமியில்லாத எல்லை. பின் வளையத்துக்கு வெளியே உள்ள சுவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இரு வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அதிகமாகப் பின்னால் நகர்ந்தால், வெளிச்சுவர் மருந்தைத் தொடும். விமானம் தரையிறங்கியதும் குமிழி சுருங்கி, பிஸ்டனும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். பரிசோதிப்பவர் கண்ணுக்கு எந்தத் தடயமும் தெரியாது. இந்த அபாயத்தைக் குறைக்கத்தான் வெற்றிடத்தில் பிஸ்டனைச் செருகிக் குமிழியைச் சிறிதாக்குகிறார்கள்.

நோயாளியின் தொடையில் உராய்வு குறைவாக இருக்க வேண்டும், விமானத்தில் அதிகமாக இருக்க வேண்டும். முதல் தேவை கருவியைப் பூட்டும் நிறுவனத்துக்குத் தெரியும், இரண்டாவது நிரப்பும் நிறுவனத்துக்கு. எண்ணெய் தெளிக்கும் மூன்றாவது நிறுவனத்துக்குப் போகும் தாளில் பெரும்பாலும் ‘இத்தனை மில்லிகிராம்’ என்று ஒற்றை எண்தான் இருக்கும். அங்கே நாசிலை மாற்றினாலும் அந்த எண் மாறாது, தர ஆவணமும் பிழையின்றியே இருக்கும்.

பாகங்கள் சந்திக்கும் இடத்தில் வரும் கோளாறு கற்பனை அல்ல. ஊசித் துளையை உண்டாக்கச் சூடான கண்ணாடிக்குள் டங்ஸ்டன் கம்பி செருகப்படுகிறது. அது விட்டுச்சென்ற மிச்சம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் புரதத்தைத் திரளச் செய்ததாக, ஒரு மருத்துவப் பரிசோதனையில் இருவருக்கு எதிர்ப்பொருள் உண்டானபின் சந்தேகிக்கப்பட்டது. அதற்கு முன்பே, எப்ரெக்ஸ் என்ற எரித்ரோபொய்ட்டின் மருந்தில் 1998-ல் மருந்தைக் கெடாமல் காக்கும் மனித ஆல்புமின் புரதத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பாலிசார்பேட் 80 என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், சிவப்பணு உற்பத்தியே நின்றுபோகும் அரிய நோய் அதைப் பெற்றவர்களிடையே கூடியது. பூச்சில்லாத ரப்பரிலிருந்து பாலிசார்பேட் வேதிப்பொருள்களைக் கரைத்து எடுத்தது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. பிறகு பூச்சுள்ள ரப்பருக்கு மாறினார்கள். தனித்தனியே பார்த்தால் ரப்பரும் நல்லது, மருந்தும் நல்லது.

வெளிநாட்டில் செய்தாலே மட்டம் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. நாசிலை நுட்பமாக இயக்கத் தெரிந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், அந்த வேலை அவர்களுக்குப் போவதில் தவறும் இல்லை. தவறு வேறு இடத்தில் நடக்கிறது. வேலையை அனுப்பிய நிறுவனம், ரப்பரையும் கண்ணாடியையும் மருந்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பொறியாளர்களையும் செலவைக் குறைப்பதற்காகக் கலைத்துவிடுகிறது. பொறுப்பை ஒப்பந்தம் மூலம் கைமாற்ற முடியாது என்பதை எஃப்.டி.ஏ. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கூட்டுப் பொருள்களுக்கான உற்பத்தி விதிகளை 2013-ல் வெளியிட்டபோது, மருந்து உற்பத்தி விதிகளோடு கருவிக்கான வடிவமைப்புக் கட்டுப்பாடும் கொள்முதல் கட்டுப்பாடும் சேர்த்தே கேட்டது. ஐரோப்பாவிலும் 2021 மே முதல், மருந்துக்கான விண்ணப்பத்திலேயே கருவிப் பகுதி விதிகளுக்கு உட்பட்டது என்ற சான்று வேண்டும்.

ஆராய்ச்சிப் பணத்திலும் இதே குறை. புதிய மூலக்கூறுக்குக் கொட்டும் நிதியில் சிறு துளிதான் ரப்பர் உராய்வு, எண்ணெய்ப் படலம், கண்ணாடிப் பரப்பு ஆகியவற்றைப் படிப்பவர்களுக்கு வருகிறது. அந்த மூலக்கூறு உடலுக்குள் முழு அளவில் போய்ச் சேருமா என்பதை இவர்கள் ஆராயும் விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒப்பந்தத்தில் எண்ணெயின் எடையோடு, பிஸ்டன் முழு நீளமும் நகரும்போது ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் உராய்வு எவ்வளவு என்ற வரைபடத்துக்கும் எல்லை வகுக்க வேண்டும். அதைப் புதிய சிரிஞ்சிலும், காலாவதித் தேதியை நெருங்கிய சிரிஞ்சிலும், 5 டிகிரி செல்சியஸிலும் எடுக்க வேண்டும். குமிழியின் உயரத்துக்கு மேல்வரம்பு வேண்டும். அழுத்தம் குறைக்கும் பெட்டிக்குள் வைத்து அதிர்வும் கொடுத்து, பிஸ்டன் எவ்வளவு நகர்கிறது என்பதை அந்த நேரத்திலேயே கேமராவில் பதிய வேண்டும், வெளியே எடுத்தபின் அளந்தால் பயனில்லை. நாசில், எண்ணெய், ரப்பர்க் கலவை, டங்ஸ்டன் கம்பி, விமானப் பாதை என எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.