கன்ட்ரோலரின் குறி ஏன் விலகுகிறது?

“கையை அசைக்காமலே திரையில் குறி ஒரு பக்கமாக நகர்கிறது, சென்சார் போய்விட்டது” என்று சொல்லித்தான் பலரும் கையசைவை உணரும் வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள். நான் உடனே திருப்புளியை எடுப்பதில்லை. அசையாத மேசையில் வைத்து, கன்சோலின் அமைப்புகளில் உள்ள காலிபரேஷனை, அதாவது அசையாத நிலை எது என்று சென்சாருக்குக் கற்றுக்கொடுக்கும் வசதியை, ஓடவிடுவேன். பாதி வழக்குகள் அங்கேயே தள்ளுபடி.

உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப் கோணத்தை அளப்பதில்லை. திரும்பும் வேகத்தை மட்டுமே அளக்கிறது. அந்த வேகத்தை நொடிக்கு நொடி கூட்டித்தான் கோணம் கணக்கிடப்படுகிறது. சும்மா இருக்கும்போதும் அது நொடிக்கு 0.1 டிகிரி என்று பொய் சொன்னால், ஒரு நிமிடத்தில் 6 டிகிரி பிழை சேர்ந்துவிடும். சூடேறினால் இந்தப் பொய்யின் அளவும் மாறும். கையில் பிடித்துக்கொண்டே காலிபரேஷன் செய்பவர்கள், தங்கள் கை நடுக்கத்தையே ‘அசைவின்மை’ என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கன்ட்ரோலருக்குள் இருக்கும் இன்னொரு சென்சாரான முடுக்கமானி புவியீர்ப்பின் திசையை அறியும். எனவே மேல், கீழ்ச் சாய்வில் ஜைரோஸ்கோப் செய்யும் பிழையை அது மெதுவாகத் திருத்தும். வேகமாக வீசும்போது மட்டும் அதன் பேச்சை நம்பக்கூடாது. ஈர்ப்பு எது, கைவீச்சு எது என்று அதற்குத் தெரியாது. இதனால்தான் மென்பொருள் இரண்டையும் கலந்து கணக்கிடுகிறது. இடம், வலம் திரும்புவதில் ஈர்ப்பு உதவாது. குறி பெரும்பாலும் பக்கவாட்டில் விலகுவதற்குக் காரணம் இதுவே.

அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். 2006-இல் வந்த நின்டெண்டோ வீ கன்சோலின் கன்ட்ரோலரான வீ ரிமோட்டின் முனையில் அகச்சிவப்புக் கேமரா இருந்தது. டிவியருகே வைக்கும் பட்டைக்குப் பெயர் ‘சென்சார் பார்’. உண்மையில் அது எதையும் உணர்வதில்லை, அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது, அவ்வளவே. இரண்டு மெழுகுவத்திகள்கூட அந்த வேலையைச் செய்யும். டிவியின் பின்னால் வெயில் விழும் சன்னல் இருந்தால் குறி துள்ளுவதும் அதனால்தான். வீ ரிமோட்டுக்கு ஜைரோஸ்கோப் 2009-இல் வந்த மோஷன் பிளஸ் இணைப்பில்தான் சேர்ந்தது. 2010-இல் சோனியின் பிளேஸ்டேஷன் மூவ் கன்ட்ரோலர் இதைத் தலைகீழாக்கியது: கேமரா டிவிப் பக்கம், ஒளிரும் பந்து கையில். பந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டது.

கேமரா இல்லாமல் கை இருக்கும் இடத்தையே துல்லியமாகச் சொல்லும் என்று யாராவது விற்றால் யோசியுங்கள். சாய்வில் 1 டிகிரி பிழை இருந்தாலே, முடுக்கத்தை இருமுறை தொகுத்துக் கணக்கிடும்போது 10 நொடியில் 8 மீட்டருக்கு மேல் தவறும்.

செலவு செய்வதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். விளையாட்டின் அமைப்புகளில் அசைவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அப்போதும் குறி நகர்ந்தால் குற்றவாளி ஜைரோஸ்கோப் அல்ல, கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சி. எத்தனை முறை காலிபரேஷன் செய்தாலும் தேய்ந்த குச்சி சரியாகாது, மாற்றத்தான் வேண்டும்.