டார்ஷன் பாருக்கு மட்டும் ஏன் பத்துக்குப் பத்து?

இந்த வாரமும் ஒரு மாணவர் புராஜெக்ட் ரிப்போர்ட்: டாங்கிகளின் சஸ்பென்ஷன் (சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) ஒப்பீடு. டார்ஷன் பாருக்கு, அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் போல மீளும் எஃகுத் தண்டுக்கு, பத்துக்குப் பத்து; காயில் ஸ்பிரிங்குக்கு, அதாவது சுருள்வில்லுக்கு, நான்கு. காரணம் கேட்டால், "காயில் பழசு சார்." வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சஸ்பென்ஷனுக்கு வயதைப் பார்த்து மார்க் போடாதீர்கள். ஜெர்மனியின் லெப்பர்ட் 2, இஸ்ரேலின் மெர்காவா இரண்டுமே 1979-இல் படைக்கு வந்தவை. முதலாவதில் டார்ஷன் பார், இரண்டாவதில் காயில். இஸ்ரேல்காரர்களுக்கு டார்ஷன் பார் தெரியாதா என்ன? கோலான் மேட்டின் எரிமலைப் பாறையில் சக்கரம் அடி வாங்கும், கண்ணிவெடி வேறு. அதனால் காயிலை உடலுக்கு வெளியே பூட்டினார்கள். சேதமானால் போல்ட்டைக் கழற்றி யூனிட்டோடு மாற்றிவிடலாம். டார்ஷன் பாரோ வண்டிக்குள், தரையோடு குறுக்கே கிடக்கிறது. உடைந்து சிக்கிய துண்டை உருவி எடுப்பவனிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை மார்க் போடுவான் என்று.

அதே காயிலை உள்ளே வைத்தால் கதையே வேறு. இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கி டி-34-இன் கிறிஸ்டி வகை சஸ்பென்ஷனில் காயில்கள் பக்கச் சுவரை ஒட்டி உள்ளே நின்று இடத்தைத் தின்றன. சோவியத் காரர்கள் அடுத்து வந்த டி-44-இல் டார்ஷன் பாருக்கு மாறியதற்கு அது முக்கியக் காரணம். ஆக, என்ன ஸ்பிரிங் என்பதோடு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.

அடுத்தது டைகர் பக்தர்கள், அதே போரின் ஜெர்மன் கனரக டாங்கிக்கு. அதிலும் டார்ஷன் பார்தான். குலுங்காமல் ஓடியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் வந்த வண்டிகளில் பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். உள் சக்கரம் ஒன்றை மாற்ற வெளியே உள்ள பலவற்றைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்கில் சேறு உறைந்து வண்டி நகராது. ரயிலில் ஏற்றவோ வெளிச் சக்கரங்களைக் கழற்றி, 725 மி.மீ. அகல டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையை) எடுத்துவிட்டு 520 மி.மீ. டிராக்கைப் போட வேண்டும். அமெரிக்க டாங்கி ஷெர்மன் அவ்வளவு சொகுசாக ஓடாது, ஆனால் அதன் போகிகள் (சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த யூனிட்கள்) வெளியே போல்ட்டில் தொங்கின.

ஒப்பிடும் முன் வண்டியின் எடை, சக்கரம் ஏறி இறங்கும் தூரம், எதைக் கழற்றினால் எது கைக்கு வரும், இவற்றை எழுதுங்கள். மாடல் செய்கிறவர்களே, டார்ஷன் பார் டாங்கி என்றால் இடது வலது சக்கரங்களைப் பார்க்காமல் நேருக்கு நேர் ஒட்டாதீர்கள். பார்கள் அடுத்தடுத்துக் கிடப்பதால் பல வண்டிகளில் ஒரு பக்கம் சற்றுத் தள்ளித்தான் நிற்கும்.

அப்புறம், செய்முறை காட்டுகிறேன் என்று லேபில் அமுங்கிய காயிலை ஸ்பிரிங் கம்ப்ரஸர் (காயிலை அமுக்கிப் பிடிக்கும் கருவி) மாட்டாமல் கழற்ற வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அது தெறித்துத் தாடை போய்விட்டால் வைவாவில் பேச முடியாது.