திரை காலியாக இருந்தால் கால்குலேட்டரைத் திட்டாதீர்கள்

"சார், இது ரிப்பேர்" என்று மாணவர்கள் நீட்டிய கிராஃபிங் கால்குலேட்டர்களில் (சமன்பாட்டைக் கொடுத்தால் வரைபடம் வரைபவை) நிஜமாகவே ரிப்பேரானவை அபூர்வம். ஒரு மாணவன் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 20-ஐ வரையச் சொல்லியிருக்கிறான். அச்சுகள் வந்தன, வளைவு வரவில்லை. பதற்றத்தில் மெமரியையே அழித்துவிட்டு என்னிடம் வந்தான். திரையில் ஒய் அச்சு -10 முதல் 10 வரைதான் இருந்தது. அந்த வளைவின் அடிமட்டமோ 20. திரையில் தெரியும் எல்லைகளை அமைக்கும் விண்டோவில் ஒய் மேக்ஸை, அதாவது ஒய் அச்சின் மேல் எல்லையை, 60 ஆக்கினோம், பரவளையம் வந்துவிட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், அது தானாகத் தேடாது.

அடுத்தது கழித்தல் குறி. டிஐ-84 பிளஸ் என்ற கிராஃபிங் கால்குலேட்டரில் கழிப்பதற்கு ஒரு பட்டன், எதிர்மக் குறிக்கு வேறொரு பட்டன். முதல் திரையில் கழித்தல் பட்டனை அழுத்தி 5 போட்டால், -5 என்று எடுத்துக்கொள்ளாது. முந்தைய விடையிலிருந்து 5-ஐக் கழித்துவிடும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் ஆபத்து. அப்புறம், அடைப்புக்குறி இல்லாமல் -3-ஐ வர்க்கம் செய்தால் -9 வரும். கால்குலேட்டர் மேல் தப்பில்லை, வர்க்கம் முதலில், குறி பிறகு என்பதே விதி.

சைன் 30 என்று போட்டு 0.5 வராமல் -0.988 வந்தால், கோணத்தை டிகிரியில் அல்லாமல் ரேடியன் என்ற வேறு அலகில் அளக்கும் அமைப்பில் இருக்கிறீர்கள். மோடில் போய் டிகிரிக்கு மாற்றினால் சரி.

டிரேஸ் பண்ணும்போது, அதாவது வளைவின் மேல் கர்சரை நகர்த்திப் பார்க்கும்போது, அது 2-இல் நிற்காமல் 1.9148, 2.1276 என்று தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. வரைபடத்துக்கு டிஐ-84 பிளஸ் திரையில் குறுக்குவாட்டில் 95 புள்ளிகள், நடுவில் 94 இடைவெளிகள். எக்ஸ் அச்சில் -10 முதல் 10 வரை உள்ள 20 அலகை 94-ஆல் வகுத்தால் 0.2127. ஜூம் மெனுவில் டெசிமல் தேர்ந்தெடுத்தால் 0.1 அளவில் நகரும்.

1985-இல் வந்த கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி என்ற கிராஃபிங் கால்குலேட்டர் காலத்திலிருந்தே வேலை நடப்பது இப்படித்தான்: சில புள்ளிகளைக் கணக்கிட்டு, இடையில் கோடிழுத்துவிடும். இடையில் நிஜமாக என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் டிஐ-84 பிளஸை ரேடியனில் வைத்து, எக்ஸ் -10 முதல் 10 வரை, சைன் 30 எக்ஸ் வரையச் சொல்வேன். அழகாக, வழவழவென்று ஒன்றரை அலை வரும். எல்லாரும் அதையே நோட்டில் வரைந்துகொள்வார்கள். எக்ஸை -1 முதல் 1 வரை சுருக்கச் சொல்வேன். அந்தப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள்ளேயே ஒன்பதரை அலை இருக்கும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அழிரப்பர் சத்தம்தான்.